நெக்கார் தண்ணீரும் மோசல் தண்ணீரும்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் முடியுமென்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. இன்று காலை கர்க்லாண்டில் மகள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஜேர்மனியில், கொப்ளென்ஸ் ஆற்றங்கரையில், உன் தம்பியும் தங்கையும் ஒரே குடைக்குள். தங்கை கையில் பூத்தட்டு. தம்பி முகம் உம்மென்றுதான் இருக்கிறது. ஆனால் குடை அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. மழை வருமென்பதையும் நான்தான் சொன்னேன்.

ஜேர்மனி ஆறுகளைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? நாம் அங்கே இருந்தது ஆறு மாதம், அதுவும் அகதி முகாமில். ஆனாலும் ரைன் நதியை நான் நீந்திக் கடந்த கதையை இங்கே வந்தபிறகு டவுன்டவுனில் நாம் வேலை செய்த உணவகச் சமையலறை முழுவதும் அறியும். கோப்பை கழுவிக்கொண்டே நீதான் அதைக் கெடுத்தாய்.

“நீ பஸ்ஸில பாலத்தால போனனீ. பக்கத்து சீற்றில நான் இருந்தனான். நல்ல நித்திரை உனக்கு.”

அந்நாட்டு ஆறெல்லாம் வடக்கே ஓடுமென்று நான் அடித்துச் சொன்னபோது, “டானியூப் கிழக்கால போய்க் கருங்கடலில விழுதடா” என்றாய். அது வழிதவறின ஆறு, கணக்கில் வராது என்றேன். நீ தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் சவர்க்கார நுரையால் ரைனை வரைந்தாய். சுவிஸ் மலையில் தொடங்கி, பாசலில் வடக்கே திரும்பி, கொலோன் தாண்டி, ஒல்லாந்துக்குள் போய்க் கடலில் விழுந்தது. வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தாய்.

“இது நெக்கார். ஸ்ருட்காட்டில தம்பியைப் பாத்திட்டு மன்ஹைமில ரைனோட சேரும்.” இடப்பக்கம் இன்னொன்று. “இது மோசல். பிரான்சில இருந்து வந்து, ட்ரியரில தங்கச்சியைப் பாத்திட்டு, கொப்ளென்ஸில சேரும். தண்ணிக்கு விளங்குது. இதுகளுக்கு விளங்கேல்லை.”

தங்கையின் மகள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டு வீடியோவில், தாய்மாமனாகத் தம்பி வரும் இடத்தை வெட்டிவிட்டார்கள். அதற்காகப் பதினொரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

நீ செத்துப்போன பிறகும் அது தீரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குத் தம்பி நெக்காரில் பூப் போடுவானாம், தங்கை மோசலில் போடுவாளாம். உன் மனைவி போனில் அழுதார்.

“அண்ணை, இவர் ரெண்டு ஆத்தாலையும் பிரிஞ்சு போறதோ?”

நான் இருவருக்கும் போன் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்து, இரண்டு தண்ணீரும் சேருகிற கொப்ளென்ஸில்தான் பூப் போடவேண்டும் என்று கேட்டதாகச் சொன்னேன்.

“அண்ணை அப்பிடியோ சொன்னவர்?” என்றான் தம்பி.

“ஓம். கட்டில் விரிப்பில வரைஞ்சும் காட்டினவர்.”

“அவன் வந்தா நான் அங்கால தள்ளி நிப்பன்” என்றாள் தங்கை.

“நில்லு பிள்ளை. ஆறு பெரிசு” என்றேன்.

இனி உன்னிடம் மட்டும் ஒன்று. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நீ எந்த ஆற்றின் பெயரையும் சொல்லவில்லை. “அவை ரெண்டு பேரும் இப்ப கதைக்கினமோ?” என்று மட்டும் கேட்டாய். நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்த ஓமை உண்மையாக்கத்தான், மச்சான், கொப்ளென்ஸ்.