ஈரம் என்று சொல்லி விற்ற சோளம்

வெள்ளி, இரவு

இன்று ஈரமான மக்காச்சோளத்தை ஈரம் என்று சொல்லியே விற்றேன். இத்தனை வருடத்தில் இதுவே முதல் முறை.

அல்லாஹ்வை வணங்கவே படைக்கப்பட்டோம், நேர்மையான வியாபாரமும் அந்த வணக்கம்தான் என்று மதியம் ஜும்ஆ தொழுகை உரையில் இமாம் சொன்னார். நானோ, தொழுகை அவனுக்கு, கடை எனக்கு என்று பங்கு பிரித்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குத் திரும்பினால், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் மேல்மூட்டையை மட்டும் பார்த்துவிட்டு லோடு ஏற்றச் சொல்கிறார்.

"அடிமூட்டை பத்தும் ஈரமுங்க" என்றேன்.

"ஏனுங்க பாய், உடம்புக்குச் சொகமில்லீங்களா?"

"இன்னைக்குத்தானுங்க சொகமா இருக்கு."

வேறு கடைக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. பேசி முடித்தது: காய்ந்தது பழைய விலைக்கே, ஈரமூட்டை ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் குறைவு, உலர்த்துவது அவர் பொறுப்பு.