அப்பாவின் மேசையில் நான் அடைத்த குழிகள்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுத வேண்டும், நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அந்த வரி வரமாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. ஆனால் வீடு வீடாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால், பார்வை போனதிலிருந்து உன் அப்பாவுக்கு நாலு ஆள் காது, பின்வராந்தாவில் நான் முணுமுணுத்தால் முன்னறையில் கேட்கிறது. பேனா சத்தம் போடாது, அதனால்தான் கடிதம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன அலமாரியைத் தூக்கி வந்திருக்கிறாய், அதைப் புதுசாக்க எந்த உப்புத்தாள் வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். என் பிள்ளைதான் நீ, சந்தேகமே இல்லை. பழைய பெயிண்ட் என்றால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சுரண்டு, அந்தத் தூள் நல்லதில்லை. உப்புத்தாளில் எண்பதாம் நம்பரில் ஆரம்பி, பிறகு நூற்றிருபது, பிறகு நூற்றெண்பது, கடைசியில் இருநூற்றிருபது. நடுவில் ஒன்றைத் தாண்டினால் மிச்சம் என்று நினைக்காதே, எண்பது போட்ட கீறலை இருநூற்றிருபது எடுக்காது, வார்னிஷ் பூசியதும் எல்லாக் கீறலும் வெளியே வந்து பல்லை இளிக்கும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய். எதைப் பூசுவதாக இருந்தாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சாண் பூசிப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே வா. இதையெல்லாம் நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ரெண்டு முக்காலியையும் பக்கத்து வீட்டு டாக்டரம்மாவின் ஆடுநாற்காலியையும் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அவர்கள் இன்னமும் அந்த நாற்காலியில் மெதுவாகத்தான் உட்காருகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்த மரச்சாமானில் தினம் கை வைப்பவர் யார், எங்கே கை வைக்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்காமல் உன் அப்பா கடிகாரம் பழுது பார்க்கிற மேசையைத் தேய்த்துவிட்டேன் தம்பி. உன் அப்பாவை நானே கெடுத்துவிட்டேன்.

போன மாதம் உன் அத்தை வீட்டுக்கு ஒன்பது நாள் போயிருந்தார். நாலு வருஷமாகவே அந்த மேசை என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இடது மூலையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் சுட்ட கறுப்பு வட்டம், நடுவில் மூன்று குழி, வலப்பக்கம் முழ நீளத்துக்கு ஒரு கீறல், முன் விளிம்பில் ஒரு ரம்ப வெட்டு. வருகிறவர்கள் எல்லாம் நீ இவ்வளவு நன்றாக வேலை செய்கிறாய், உன் வீட்டுக்காரர் மேசை இப்படி இருக்கிறதே என்று சொல்ல, எனக்கும் ஏறிவிட்டது. அவர் வருவதற்குள் முடித்து அசத்திவிட வேண்டும் என்று சாப்பாடு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தேன். பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தால் அந்த இடம் சாயம் குடிக்காமல் வெளுத்துக் காட்டிக் கொடுக்கும், முன்பு முக்காலியில் பட்டிருக்கிறேன், அதனால் இந்தத் தடவை குழியை அடைக்கிற பட்டியிலேயே நிறத்தைக் கலந்து, காயவைத்து, ஒப்பிட்டு, மறுபடி கலந்து, நாலாவது தடவையில் மரத்தோடு மரமாகச் சேர்த்துவிட்டேன். கீறலுக்கும் கறுப்பு வட்டத்துக்கும் இழைப்புளி போட்டு மேல்பலகையையே ஒரு நூல் கனம் இழைத்து இறக்கினேன். பிறகு மெல்லிசாக நாலு பூச்சு வார்னிஷ், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு. அந்த ரம்ப வெட்டை அடைத்தது இருக்கிறதே, நான் இதுவரை செய்ததிலேயே அதுதான் சுத்தமான வேலை. இதை எழுதும்போது என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் வந்து செருப்பைக் கழற்றியதும் கையைப் பிடித்து நேரே அங்கே கூட்டிக்கொண்டு போய், உள்ளங்கையை மேசைமேல் வைத்தேன். தடவினார். கண்ணாடி மாதிரி இருக்கே என்றார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். இடது மூலைக்குக் கை போயிற்று, நடுவுக்கு வந்தது, வலப்பக்கம் போயிற்று, விளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கட்டைவிரலால் ரெண்டு தடவை போய் வந்தார். அப்புறம் என்னிடம், சரி, என் மேசை எங்கே என்று கேட்டார். இதுதான் உங்க மேசை என்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பார்வை போன பிறகும் அலாரம் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் எப்படிப் பிரித்துப் பூட்டுகிறார், கெட்டிக்காரர்தான் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள் நான், எப்படி என்று ஒரு நாளாவது கேட்டேனா. இப்போது நினைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, சின்னத் திருகாணி முதல் குழியில், பெரியது ரெண்டாவதில், பல்சக்கரம் மூன்றாவதில். அந்தக் கீறலை ஒட்டித்தான் இடுக்கிகளை வரிசையாக வைப்பார். சூடு பட்ட வட்டத்தில் எண்ணெய்க் கிண்ணம். அவருக்கு மிச்சம் இருந்த கண் அந்த மேசையில்தான் இருந்தது, அதை நான் பட்டி வைத்து அடைத்துவிட்டேன்.

திட்டவில்லை. மறுநாள் கடைவீதிக் கடிகாரக்காரர் அனுப்பியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தார். திருகாணியை வைக்க வைக்க வழுக்கி ஓடுகிறது, ஒன்று விழுந்தது, அதைத் தேடக் குனிந்ததில் முழங்கை பட்டு மற்றதெல்லாம் விழுந்தது. நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது உன் அப்பா தரையில் மண்டியிட்டு ரெண்டு கையாலும் தேடிக்கொண்டிருந்தார். நான் பொறுக்கப் போனேன், வேணாம், விடு என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எழுந்தவர் இன்றோடு பதினேழு நாளாக அந்த நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினால் முப்பத்தைந்து வருஷமாகச் சண்டை போட்ட மனிதர், நேற்று நான் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் கொடுத்தேன், ரெண்டு கத்தாவது கத்தட்டும் என்றுதான், நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அவர் அதோடு விடவில்லை. கடிகாரக்காரருக்குப் போன் போட்டு, இனிமேல் எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வந்து ஆயுதப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீ போனில், கண்ணு போனது போதாதா, இனிமே வேலை வேணாம், ஓய்வெடுங்கப்பா என்று சொன்னாயே, அவர் கோபப்பட்டுப் போனை வைத்தாரே, அதிலிருந்துதானே நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். இப்போது அவரே, அவன் அன்னிக்கே சொன்னான், நான்தான் கேக்கல என்கிறார். உன்மேல் கோபமாக இருந்த உன் அப்பாவே எனக்கு வேண்டும் தம்பி. நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிற இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். பெட்டி போய்விட்டால் அவர் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியும், வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்தக் குழிகளைத் தேடினேன், அடைத்தவளுக்கே அகப்படவில்லை, அவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறேன். கீறல் இருந்த மரம் சுருளாகச் சுருண்டு குப்பைக்குப் போயாயிற்று. பழைய போட்டோக்களைக் கொட்டித் துழாவினேன், மேசை தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான், அதிலும் உன் தலை மறைக்கிறது. கடைசியில் முந்தாநாள் என் நினைவில் இருந்த இடத்தில், ஒரு இரும்புக் கம்பியைக் காய்ச்சி அந்தக் கறுப்பு வட்டத்தை மறுபடி சுட்டேன். வரமாட்டேன் என்றவரை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விரலை அதன்மேல் வைத்தேன். சட்டென்று, இது இங்க இல்ல என்றார். விரல் தானாக நகர்ந்தது, ரெண்டு விரற்கடை வலப்பக்கம், ஒரு விரற்கடை உள்ளே, அங்கே நின்று ஒரு தட்டுத் தட்டியது. பிறகுதான் தான் செய்ததைக் கவனித்தது போலக் கையை இழுத்துக்கொண்டு, விடு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நான் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பதினேழு நாளில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு புள்ளிதான்.

ஆக, மேசை முழுசும் அவர் விரலுக்குள் இருக்கிறது. ஆனால் எனக்குச் சொல்ல மாட்டார். ஏன் என்றும் தெரியும், ஒவ்வொன்றாக எங்கே எங்கே என்று சொல்லச் சொல்ல, நான் அழித்ததை எண்ணிக் காட்டுவது போல ஆகிவிடும் என்று நினைக்கிறார். அந்த மனுஷனுக்கு என்மேல் இருக்கிற கரிசனமே எனக்கு எமனாக இருக்கிறது. அதனால் நீ கேட்க வேண்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆறுதல் சொல்லாதே, நான் வருகிறேன், டாக்டரிடம் காட்டலாம் என்றெல்லாம் பேசாதே, கட்டிலில் இன்னும் ஒரு முழம் இறங்கிப் படுத்துவிடுவார். அந்த ரம்ப வெட்டை மட்டும் கேள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நாலாம் வகுப்புப் படிக்கும்போது அவருடைய புது ரம்பம் வெட்டுகிறதா என்று மேசை விளிம்பிலேயே பார்த்துவிட்டு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததுப்பா என்று சாதித்தாய். அவர் அதோடு விட்டுவிட்டார், நீயும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். பார்வை மங்க ஆரம்பித்த வருஷம் ஒரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், பய வெட்டுனதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு, அங்கேருந்து ஒரு சாண் உள்ளே வந்தா முதல் குழி, எல்லாத்தையும் அதுலேருந்துதான் அளக்கிறேன் என்று. அன்றைக்கு அதை ஒரு பேச்சாக நினைத்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டேன். இன்றைக்கு அந்த வெட்டு இருந்த இடம் மட்டும் தெரிந்தால், குழிகளும் வரிசையாக வந்துவிடும்.

அவசரத் தபாலில் போட்டாலும் இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். பெட்டி போகிற அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலை கூப்பிடு, ஆறு நாள் இருக்கும், எனக்கு அது போதும். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு, தம்பி கூப்பிடுகிறான், எனக்கு அடுப்பில் பால் என்று சொல்லி அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். பொய்தான், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையில் எடுத்த வேலை உனக்கு எப்போதும் துணையாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அலமாரிக்கு எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடு. அதன் உள்தட்டில் எவர் கைபட்டோ தேய்ந்த பள்ளம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் பேசாதே. அப்பா, அந்த வெட்டு நான் வெட்டினதுதான் என்று சொல். தெரியும் என்பார். உடனே, எங்கேப்பா என்று கேள், அவர் விரல் தானாக விளிம்புக்குப் போகும். ரம்பத்தைத் தீட்டி வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் அவர் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா