1910 வெள்ளத்தின் உயரம்

மார்ச் 4

இன்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். வால்ருவா ஊரின் நிலமும் வரலாறும் தெரிய வேண்டுமென்றால் ஆன்செல்மைப் பிடி என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் சொல்லியிருக்கிறார்கள். லிசோன் ஆறு எங்கள் ஊரை ஏன் மூன்று பக்கமும் சுற்றிப் போகிறது என்று விளக்கினேன் — ரோமானியத் தளபதி ஒருவன் கையை நீட்டிக் காட்டினான், அது திரும்பிவிட்டது. பிறகு கீழ்த்தெரு மூலைச் சுவரில், 1910 வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்டும் அளவுக்கல். அவர் அளந்தபோது நாடாவின் மேல்முனையைப் பிடித்தது நான்தான். இரண்டு மீட்டர் பத்து. என் தாத்தா தேவாலய ஜன்னல் வழியாகப் படகில் போய்ப் பூசை கேட்டதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மே 22

மாவட்ட அலுவலகத்திலிருந்து வெள்ள அபாய வரைபடம் வந்திருக்கிறது. கீழ்த்தெரு முழுவதும் சிவப்பு. இனி அங்கே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதாம்! அக்கா மகள் ஒதில் தன் ரொட்டிக்கடைக்குப் பின்னால் புது அடுப்பறை கட்ட அனுமதி கேட்டிருந்தாள். மறுத்துவிட்டார்கள். பழைய அடுப்பு விரிசல் விட்டுக் கிடக்கிறது. அது நின்றால் கடையும் நின்றது. பக்கத்து ஊர் கூர்சலில் கடை பார்க்கிறாளாம். கூர்சல்! பேருந்து நிறுத்தத்தைத் தவிர வரலாறே இல்லாத ஊர்.

மே 23

மேயர் அலுவலகத்தில் ஆட்சேபம் எழுதப் பதிவேடு வைத்திருக்கிறார்கள், ஜூன் 20 வரை. மூன்று பக்கம் எழுதினேன். அறைக்குள் உட்கார்ந்து சிவப்பு மை கொட்டுகிறவனுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? நூறாண்டுப் போரைத் தாங்கிய ஊர் இது.

மேயர் மதாம் லுதெர் முழுவதும் படித்தார். "அருமையா எழுதியிருக்கீங்க, முசியே ஆன்செல்ம். ஆனா அவங்க அந்தக் கல்லை வெச்சுத்தானே வரைஞ்சிருக்காங்க?"

மே 24

இன்று வெளியே போகவில்லை.

மே 29

எழுதிவிடுகிறேன். என்னைத் தவிர இதை யார் படிக்கப் போகிறார்கள்.

1987-இல் கூர்சல்காரர்கள் தங்கள் பாலத்தில் ஒரு மீட்டர் அறுபதில் 1910 வெள்ளக்கோடு போட்டுவிட்டு, எங்கள் கல்லைப் பார்க்க வந்து சிரித்தார்கள். அது முழங்கால் உயரத்தில் இருந்தது. எங்கள் பக்கம் பாறை. ஆறு திரும்பும்போது தண்ணீர் அவர்கள் பக்கம்தான் ஏறும். அதற்காக மானத்தை விட முடியுமா? கொத்தனார் ரெனேயும் நானும் (அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்) ஒரு ஞாயிறு, ஊர் பூசையில் இருந்தபோது கல்லைப் பெயர்த்து மேலே வைத்தோம். ஏணி குட்டை, அதனால்தான் இரண்டு பத்தோடு நின்றது.

முப்பத்தெட்டு வருடம் ஒருவன் சந்தேகப்படவில்லை. அளக்க வந்தவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? அதற்குத்தானே படித்தான்?

ஜூன் 12

ஒதிலிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அப்போ உங்க தாத்தாவோட படகு?"

"படகு இருந்துச்சு."

"ஜன்னல்?"

மேசையில் சிந்தியிருந்த மாவைக் கூட்டினேன்.

"பள்ளிக்கூடத்துல அதைக் கட்டுரையா எழுதிப் பரிசு வாங்கினேன் மாமா." மாவை ஓங்கிப் போட்டாள். "பதிவேட்டுல போய் எழுதுங்க."

"ஊரே படிக்கும்டி."

"நான் கடையைப் பூட்டிட்டுக் கூர்சலுக்குப் போறதையும் ஊரேதான் பாக்கும்."

அவள் அம்மாவுக்கும் இதே நாக்கு.

ஜூன் 20

கடைசி நாள். என் மூன்று பக்கங்களுக்குக் கீழே எழுதினேன்: "அளவுக்கல்லை இடம் மாற்றியவன் நான். கீழே அதைப் பொருத்தியிருந்த பழைய நான்கு துளைகளும் பூச்சுக்கு அடியில் இருக்கின்றன." வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

ஜூன் 21

காபிக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்து கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டார்கள். மிருகங்கள்.

நவம்பர் 8

பூச்சைச் சுரண்டித் துளைகளைப் பார்த்தார்கள். கல் கீழே இறங்கிவிட்டது. வரைபடத்தில் கீழ்த்தெரு இப்போது வெளிர் மஞ்சள். ஒதில் கடைக்குப் பின்னால் அடித்தளம் தோண்டுகிறார்கள்.

வெளியூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் கல்லருகே குனிந்து நின்று, அன்று தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். ஒதில் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை என்றேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆனால் தண்ணீர் வந்த வேகம்தான் பயங்கரம் என்றேன். நின்றார்கள்.