உன் சர்க்கரை நோயை நான் சொல்லிவிட்ட நாள்

இன்று காலை பக்கத்து வீட்டில் கைக்குழந்தையின் துணிகளை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். சோப்பும் பருத்தியும் சேர்ந்து வேகிற அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும், வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கொரோனா நாட்களில் உன் சேலையிலும் பையிலும் ஒட்டியிருந்த வாடை அது. தினமும் வீட்டுக்குப் போனதும் துணி மாஸ்க்குகளைக் கொதிக்கவைத்துவிட்டுத்தான் நீ உட்காருவாய்.

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டிய ஒன்றை இதுவரை எழுதாமலே இருந்துவிட்டேன்.

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு அரசரடியில் ஒரே வீட்டில் வேலையும் கிடைத்தது. மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, பக்கவாதத்தில் படுத்துவிட்ட டீச்சரம்மா. வங்கியில் வேலை பார்க்கும் அவர் மகள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஊரே அடைந்து கிடந்தபோதும் வங்கி திறந்திருந்ததால் நம் வேலையும் நிற்கவில்லை. காலை ஏழு மணிக்கு நீ கீழக்குயில்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாய். இரண்டு மணிக்கு நான் பரவையிலிருந்து வந்து உன்னை மாற்றிவிடுவேன்.

டீச்சரம்மாவுக்கு மாஸ்க் போட்ட முகத்தைக் கண்டால் பயம். வாயை இறுக்கிக்கொண்டு கஞ்சியைத் தள்ளிவிடுவார். "அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறாங்க. உள்ள இருக்கப்ப மட்டும் கழட்டிக்கிறீங்களா?" என்று மகள் கேட்டபோது நான் கழற்றத் தயாராகிவிட்டேன். நீ மறுத்தாய்.

"நாங்க எங்கெங்கயோ ஆளுகளோட நின்னுட்டு வாரோம்க்கா. ஒட்டிக்கிட்டா அம்மா தாங்காது."

மறுநாள் காலை அவர் கட்டிலுக்கு நேரான ஜன்னலுக்கு வெளியே, தள்ளி நின்று முகத்தைக் காட்டினாய். "டீச்சரம்மா, நாந்தான். நல்லாப் பாத்துக்கங்க" என்று சிரித்தாய். அவர் பார்க்கும்போதே மாஸ்க்கை மாட்டி, அதற்குப் பிறகு உள்ளே போனாய். நான்காம் நாளிலிருந்து அவர் ஜன்னலைப் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தார். கஞ்சியும் இறங்கியது. நானும் உன்னைப் பார்த்து அதையே செய்தேன்.

அம்புட்டு யோசனையும் அடுத்தவர்களுக்குத்தான். உனக்குச் சர்க்கரை நோய் இருந்தது எனக்கு மட்டுமே தெரியும்.

"ஏய் முத்து, இது உன்னோட இருக்கட்டும். சுகர் இருக்கவங்களுக்குத்தான் சீக்கிரம் வருதுன்னு டிவில சொல்றாங்க. தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திருவாங்க."

சொல்ல மாட்டேன் என்று உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். விடியற்காலையில் கொஞ்சம் சோற்றைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவாய். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று அந்த வீட்டில் ஏழு மணி நேரமும் சாப்பிட மாட்டாய். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய். நான் கேட்டால், "ஏழு மணி நேரத்துல செத்தா போயிருவேன்?" என்பாய். வெளியே வந்து நீ மாஸ்க்கை இறக்கும்போது உன் உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். மூத்திரம் போகும்போது எரிகிறது என்று நீ முனகியதையும் கேட்டேன். பேசாமல்தான் இருந்தேன். சத்தியத்துக்காக மட்டும் அல்ல. உன்னை நிறுத்திவிட்டால் நாள் முழுவதும் நான் ஒருத்தியே அந்த வீட்டில் கிடக்க வேண்டுமே என்ற பயம் எனக்கு. உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை.

இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த ஒரு மதியம். வெளிக்கதவின் மணியை அடித்தேன்; நீ வரவில்லை. உள்ளே டீச்சரம்மா மட்டும் வார்த்தை புரியாமல் கத்திக்கொண்டிருந்தார். என்னிடமிருந்த சாவியால் திறந்து போனால், அடுப்படித் தரையில் நீ கிடந்தாய். சேலை வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த மாடி வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "தொடாதம்மா! கொரோனாவா இருக்கும். எங்க தெருவுலயே ரெண்டு பேரு இப்படித்தான்."

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மூச்சுத்திணறல்காரர் என் புருஷன். அவரை நினைத்து என் கால் உள்ளே போக மறுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உன் கை தரையில் வெட்டி இழுத்தபோதுதான் உள்ளே ஓடினேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் கேட்டாள்: "அவங்களுக்கு ஏற்கனவே ஏதாவது நோய் இருக்கா?"

அதற்குள் மகளும் வந்துவிட்டார். மாடி வீட்டுக்காரர் முன்பே அவருக்குப் போன் செய்திருக்கிறார்; வங்கி பக்கத்துத் தெருதான். மகள் வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகர்! அவளுக்குச் சுகர் இருக்கு! காலைல மாத்திரை போட்டதுக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடல!" என்று கத்தினேன்.

"சுகர் இறங்கியிருக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. சீனியை நனைச்சு கன்னத்துக்குள்ள தடவுங்க, கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் போனில் அந்தப் பெண். சீனி டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தவர் மகள்தான். தடவினேன், காத்திருந்தேன், மறுபடி தடவினேன். வண்டி வருவதற்கு முன்பு உன் பார்வை என் முகத்துக்கு வந்தது. நீ முதலில் கேட்டது, "டீச்சரம்மாவுக்குக் கஞ்சி குடுத்தியா?"

பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. உன்னை வேலையை விட்டும் நிறுத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே" என்று மட்டும் கேட்ட மகள், பின்வாசலில் ஒரு நாற்காலி போட்டார். பதினோரு மணிக்கு, வங்கியிலிருந்து போன் செய்து நீ சாப்பிட உட்கார்ந்துவிட்டாயா என்று கேட்பார். ஆனால் நீ என்னை மன்னிக்கவில்லை. இரண்டு மாதம் வேலை மாற்றும்போது டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதி வைத்துவிட்டு, என் முகம் பார்க்காமல் ஸ்கூட்டியை எடுத்தாய். கடைசியில் ஒருநாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அன்னைக்கு நீ சொல்லலைன்னா நான் இல்ல. ஆனாலும் சத்தியம் பண்ணிட்டுச் சொல்லிட்டேல்ல" என்றாய். மறுநாளிலிருந்து பேச ஆரம்பித்தோம்.

போன வருடம் உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, கெடுதல் பல வருடங்களாக உள்ளே நடந்திருக்கிறது என்றார் டாக்டர். எந்த வருடங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு மதியம் வாயைத் திறந்ததற்காக எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு முன்னால் மூடியிருந்த மாதங்கள்தான் என்னை விடுவதில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. போன மாதம் ஒரு புது வீட்டுக்கு வேலைக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன்: "எனக்குச் சுகர் இருக்கும்மா. பதினோரு மணிக்கு உக்காந்து சாப்பிடணும். அதுக்குச் சரின்னா உள்ள வாரேன்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே திரும்பிப் பார்த்தார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. நீ எதற்குப் பயந்தாய் என்பது, அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.