இரண்டு தாவித் எவன்ஸும் ஒரு நீலக் கூஜாவும்

ஹவோத்லாஸ் பண்ணை,
1869 ஆகஸ்ட் 24, செவ்வாய்

என் அன்பு மகன் தொமோஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஹன்னாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தப் பென்சில்வேனியாச் சுரங்கத்தில் தலை தட்டாமல் கால் வழுக்காமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. முதல் தடவை மனசுக்குள் படித்தேன், இரண்டாம் தடவை அப்பாவுக்குக் கேட்கும்படி படித்தேன், அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் தடவை படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. கர்னல் வீட்டுக் காரியஸ்தர் நீட்டுகிற காகிதத்தில் அப்பா ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் பண்ணை தங்கும், ஒரு கையெழுத்துதானே, பெருமைக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் மாமா உனக்கு எழுதியது பாதிக்கதை. அந்த மனுஷனுக்கு எதுவும் பாதிதான் காதில் விழும். முழுக்கதையையும் நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நம் தொகுதியின் கதை உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் தூரம் போனவர்களுக்கு எல்லாம் மங்கிவிடும் போலிருக்கிறது. உன் தாத்தாவின் தாத்தா காலம் தொட்டு நாம் உழுகிற நிலமும் மெர்வின் வீட்டாருடையது, பார்லிமெண்டுக்குப் போகிறவரும் மெர்வின் வீட்டாராகத்தான் இருப்பார். ஒரு மெர்வின் கண்ணை மூடினால் அவருடைய துப்பாக்கியும் குதிரையும் நம் தொகுதியும் அடுத்த மெர்வினுக்குப் போகும், யாரும் யாரையும் கேட்பதில்லை. சீர்திருத்தச் சட்டம் வந்த வருஷம் ஒரே ஒரு தடவை போட்டி நடந்தது. உன் தாத்தாவுக்கு அப்போது ஓட்டே கிடையாது, ஆனாலும் மெர்வினுக்காக நீலக்கொடி பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓசி பீர் குடித்துவிட்டு, டவுன் சந்தைக்கு நடுவில் பாட்டுப் பாடி, பல்லில் ஒன்றைப் பறிகொடுத்து வந்தார். அதற்குக் கிடைத்த சன்மானம்தான் நம் அலமாரியின் மேல்தட்டில் இருந்த நீலக் கூஜா, மெர்வின் பெயரும் வருஷமும் எழுதியிருக்குமே அது. நீ சின்னப் பையனாக அதில் தவளைக்குஞ்சு வளர்த்து அடி வாங்கினாய். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் போட்டியே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுச் சட்டம் வந்து, பன்னிரண்டு பவுன் மதிப்புள்ள நிலம் வைத்திருக்கிற குத்தகைக்காரனுக்கும் ஓட்டு என்று சொன்னபோது, ஐம்பத்திரண்டு வயதில் உன் அப்பாவின் பெயர் முதல் முதலாகப் பட்டியலில் ஏறியது. அன்று அவர் இரண்டு தடவை தாடியைச் சீவினார்.

போன வருஷம் நவம்பரில் தேர்தல். கர்னல் மெர்வின் ஒரு பக்கம், கம்பளி வியாபாரியின் மகன் ரிச்சர்ட்ஸ் ஒரு பக்கம். ரிச்சர்ட்ஸ் நம் சபைக்காரர், ஆங்கிலத்தை விட்டு நம் பாஷையில் பேசுகிறவர். விடிந்ததும் கர்னல் வீட்டு வண்டிகள் வந்தன, குத்தகைக்காரர்களை எல்லாம் ஏற்றி ஆளுக்கொரு நீல நாடாவைச் சட்டையில் குத்திச் சந்தைக்குக் கொண்டுபோகிற ஆடுகள் மாதிரி ஓட்டிப்போனார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் டின்கெலின் பண்ணைத் தாவித். அப்பாவைப் போலவே அவருக்கும் பெயர் தாவித் எவன்ஸ்தான், மனைவி சாரா கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, ஐந்து குழந்தைகள், கடைசிக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது. ஓட்டுச் சாவடியில் மேடைமேல் நின்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குமாஸ்தா எழுதிக்கொள்வார். உன் அப்பா தொப்பியைக் கழற்றினார், நாடாவை எடுத்துப் பைக்குள் போட்டார், குதிரை லாயம் வரைக்கும் கேட்கும்படி ரிச்சர்ட்ஸ் என்றார். அடுத்து ஏறிய டின்கெலின் தாவித் கர்னல் பெயரைச் சொன்னது குமாஸ்தாவுக்கே கேட்காமல் இரண்டு தடவை கேட்க வேண்டியதாயிற்று. அவரை யாரும் ஏசவில்லை, நீயும் ஏசாதே. ரிச்சர்ட்ஸ் நூற்று முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தார், மலை உச்சியில் எல்லாம் தீ மூட்டினார்கள்.

இப்போது கேள். அந்தச் சாவடியில் யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கவனிக்கக் காரியஸ்தர் ப்ளைத் துரை தன் மருமகனை நிறுத்தியிருந்தார். அந்தப் பிள்ளை காலையிலிருந்தே சத்திரத்தில் பீர்க் குவளையோடு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஆகவே துரைக்கு அச்சடித்து வந்த ஓட்டுப் புத்தகத்தை விட்டால் வேறு வழியில்லை. எழுதிய குமாஸ்தா இங்கிலாந்துக்காரர். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே பெயரை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம், பண்ணைப் பெயரைச் சேர்க்காவிட்டால் ஆளே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் தாவித்தை டேவிட் ஆக்கி அடுத்தடுத்து இரண்டு வரி, டேவிட் எவன்ஸ் ரிச்சர்ட்ஸுக்கு, டேவிட் எவன்ஸ் கர்னலுக்கு, அவ்வளவுதான். எது எந்த தாவித் என்று ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. பிப்ரவரியில் அவர் குதிரையில் நம் வீட்டுக்கு வந்தார். நான் மோர் கொடுத்தேன். அலமாரியை அண்ணாந்து பார்த்தார், நீலக் கூஜாவைக் கண்டார், முகம் மலர்ந்துபோயிற்று. பரம்பரையாகக் கர்னல் வீட்டு மனுஷர்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்து டின்கெலினுக்குப் போனார், அங்கே கூஜாவும் இல்லை ஒன்றும் இல்லை. மார்ச் மாதம் டின்கெலின் தாவித்துக்கு நோட்டீஸ் வந்தது, செப்டம்பர் கடைசியில் வருகிற மிக்கேல் திருநாளுக்குள் பண்ணையைக் காலி செய்ய வேண்டும் என்று.

இனி எழுதப்போவதை உன் மாமா எழுதியிருக்க மாட்டார், அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அப்பா கௌல் சூப்புக் கிண்ணத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தியவள் நான். “பேசாம உக்காருங்க, அவங்க தப்பா எழுதினா அது அவங்க தலைவிதி, நம்ம பண்ணை நம்ம கையில இருக்கு, தொமோஸ் திரும்பி வந்தா அவனுக்கு என்ன இருக்கும்?” என்றேன். உன் பெயரைச் சொல்லித்தான் நிறுத்தினேன். அவர் உட்கார்ந்தார். இரண்டு நாள் அப்படியே இருந்தோம், ஹன்னாகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் டின்கெலின் தாவித் வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவர் உட்காரவில்லை. நோட்டீஸைச் சட்டைப்பையில் வைத்திருந்தார், அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கத்ரின் அக்கா, நீங்க யாரும் போய் எதுவும் சொல்லிராதீங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. “ஞாயித்துக்கிழமை சபையில பெரியவங்க எல்லாம் என் கையைப் பிடிச்சாங்க அக்கா. தெரியும் அவங்களுக்கு, நான் யாருக்குச் சொன்னேன்னு. இருந்தும் பிடிச்சாங்க. என் மூத்தவன் நோட்டீஸைப் படிச்சிட்டு, அப்பா நீ பயப்படலையாப்பான்னு கேட்டான். பயப்படலைன்னுட்டேன். அது அப்படியே இருக்கட்டுமே. புத்தகத்துலயாவது நான் ஆம்பிளையா இருந்துட்டுப் போறேன்” என்றார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். ஐந்து பிள்ளைகளோடு தெருவுக்குப் போகத் தயாராக ஒரு மனுஷன் நிற்கிறார் தொமோஸ், தான் செய்யாத ஒரு நல்ல காரியத்துக்காக. அதைச் செய்தவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் நிற்கிறேன்.

அப்பா எழுந்தார், இந்தத் தடவை நான் பிடிக்கவில்லை. “தாவித், அந்தக் காகிதத்தை இங்க குடு, அது என்னுது” என்றார். அவர் கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கட்ட, இரண்டு பேரும் அடுப்பைச் சுற்றி இழுபறி, ஹன்னா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் அப்பா ஜெயித்தார். பிறகு மேல்தட்டுக்குக் கையை நீட்டிக் கூஜாவை எடுத்தார். எனக்கு உடனே புரிந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று வாங்கி, நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன், தூசியோடு கொண்டுபோனால் இந்த வீட்டுப் பெண்பிள்ளையை அல்லவா சொல்வார்கள்.

துரையின் ஆபீசில் நடந்ததை அங்கே மொழிபெயர்த்த நம்மூர்க் குமாஸ்தா பிறகு சொன்னார். அப்பா கூஜாவை மேசை நடுவில் வைத்தாராம். “இதைப் பாத்துதானே ஐயா ஏமாந்தீங்க. இது எங்கப்பன் குடிச்சதுக்குக் குடுத்தது. ரிச்சர்ட்ஸுக்குச் சொன்ன தாவித் நான்தான், ஹவோத்லாஸ் தாவித். எழுதிக்கோங்க, இந்தத் தடவை பண்ணைப் பேரையும் சேர்த்து எழுதிக்கோங்க” என்றாராம். துரை கூஜாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோட்டீஸில் பெயருக்குப் பக்கத்தில் இருந்த டின்கெலினை அடித்து ஹவோத்லாஸ் என்று எழுதினார். பிறகு அவருக்கே என்ன தோன்றிற்றோ, ஜூலையில் ஒரு காகிதம் அனுப்பினார். சபைப் போதகர் என்னை ஏமாற்றித் தவறான வழியில் ஓட்டுச் சொல்ல வைத்தார், அதற்கு வருந்துகிறேன், இனி என் ஓட்டு கர்னல் சொல்கிறபடி, என்று எழுதி அடியில் பெயர் போட இடம் விட்டிருந்தது. போட்டால் பண்ணை தங்கும். நீ ஒரு கையெழுத்துதானே என்று எழுதினாயே, அது இதுதான். போதகர் பாவம், இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று ஒரு நாளும் சொன்னவரில்லை, தூங்காமல் பிரசங்கம் கேளுங்கள் என்றுதான் கெஞ்சுவார்.

ஆகவே நாங்கள் போகிறோம். ஒன்றும் அழுது வடிய வேண்டாம். பண்ணை போனால் ஓட்டுப் பட்டியலிலிருந்து பெயரும் போய்விடும், அதுதான் துரையின் கணக்கு. ஆனால் பாலத்தடியில் சேணக்காரர் வீட்டு அம்மாளின் சொந்த நிலம் இருக்கிறது, மெர்வின்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சின்ன வீடு, கூரை கொஞ்சம் ஒழுகும், இரண்டு பசுவுக்கு மேல் தாங்காது, ஆனால் மதிப்பு பன்னிரண்டு பவுனுக்கு அரை பவுன் அதிகம், நானே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கப்பல் டிக்கெட்டுக்கு என்று நீ அனுப்பிய பணத்தை அதற்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். அமெரிக்காவுக்கு ஒரு நாள் வருவோம், உன்னைப் பார்க்க ஆசைப்பட்டு வருவோம், துரத்தப்பட்டு வர மாட்டோம். அடுத்த தேர்தலில் உன் அப்பா இங்கே இருக்க வேண்டும். அதற்குள் மறைவாகச் சீட்டில் போடுகிற முறை வந்துவிடும் என்று லண்டனில் பேசுகிறார்களாம். எதற்கு மறைக்க வேண்டும், நான் சத்தமாகத்தான் சொல்வேன் என்று அப்பா முறைக்கிறார். உங்களுக்கு வேண்டாம் என்றால் போங்கள், டின்கெலினில் ஐந்து பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நான் சொன்ன பிறகுதான் அடங்கினார். எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. மிக்கேல் திருநாளன்று நம் சாமான்களை ஏற்ற டின்கெலின் வண்டிதான் முதலில் வரப்போகிறது. அன்று தன் மூத்தவனிடம் நடந்ததை அப்படியே சொல்லப்போகிறேன் என்று தாவித் சொல்லியிருக்கிறார்.

ஹன்னாவுக்கு இருமல் விட்டுவிட்டது. கறுப்புப் பசு போன வாரம் கிடேரி போட்டது. நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைச் சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போ, பெட்டியில் வைத்துப் பூட்டாதே. ஈரத்தோடு படுக்காதே, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ, நம் பாஷையில் ஜெபம் செய். ஒன்று கவனித்தேன், உன் கடிதத்தில் தாமஸ் எவன்ஸ் என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அங்கே எத்தனை தாமஸ் எவன்ஸ் இருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் பாலத்தடிக்குப் போனாலும் நம் பெயரில் ஹவோத்லாஸ் இருக்கும், துரை அதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார், இனி அதை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. இனிமேல் முழுப் பெயரையும் போடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, நல்ல பெண்ணும் நல்ல அயல்வீட்டுக்காரரும் உனக்கு அமையட்டும். இந்தக் கடைசித் தாளைத் திருப்பிப் பார், ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ கேட்ட காகிதம் அதுதான். கீழே இடம் காலியாக இருக்கிறது பார்த்தாயா, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

உன்னை மறவாத அம்மா,
கத்ரின், ஹவோத்லாஸ்