மைக் இல்லாத பக்கம்

16.11.2008, ஞாயிறு, பகல் 11.40. நீ எடுத்து அனுப்பிய ஆவணப் படத்தை நம் வீட்டில் பார்த்தவர்கள் இருபத்து மூன்று பேர், அதில் ஆண் நான் ஒருவன்.

அன்பு மகள் ஷமீமாவுக்கு, திருத்தங்கலிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்லாஹ்வின் அருளால் எல்லோரும் நலம், அம்மாவுக்கு மட்டும் முட்டி வலி. டெல்லிக் குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா என்று பத்து தடவை கேட்கச் சொன்னாள், நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். காலண்டர் சீசன், அச்சுக் கம்பெனியில் ஆப்செட் மெஷினை விட்டு நகர முடியவில்லை. படத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன், சத்தம் சரியில்லை, காற்று இரைச்சலில் பாதிப் பேச்சு போய்விட்டது, அடுத்த முறை மைக்குக்குப் பஞ்சு உறை போடு. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து, எங்களை வெளியே நிறுத்திவிட்டு எங்கள் தலாக்கை உள்ளே பேசாதீர்கள், எங்களுக்கும் உள்ளே இடம் வேண்டும் என்று கேட்டபோது நம் வீட்டில் ஒருத்தியும் அசையவில்லை. நம் பள்ளிவாசலில் பெண்கள் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, கேட்கப் பக்கத்து மதரஸா ஹாலுக்கு ஸ்பீக்கர் லைன் இழுத்தவன் நான்தானே, அதைக் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். உடனே என் தங்கை, உன் ஜெய்த்தூன் மாமி, ஸ்பீக்கர் வச்சீக சரிண்ணே, மைக்கை எங்கன வச்சீக, போன மாசம் உள்ள போயி என்ன சொன்னீகன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா என்றாள்.

நடந்தது இதுதான். அவள் புருஷன் தபாலில் தலாக் அனுப்பியதை விசாரிக்க ஜமாஅத் கூடியது. அவர் நேரில் வந்து காரணம் சொல்லட்டும் என்று கேட்கச் சொல்லித்தான் என்னை அனுப்பினாள். கம்பெனியில் லோடு ஏற்ற வேன் நின்றது, உள்ளே பேச்சு இழுத்துக்கொண்டே போனது, தங்கச்சிக்குச் சம்மதம், முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துவிட்டேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போட்ட மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஹாலில் காத்திருந்தவள் நான் போட்ட ஸ்பீக்கரிலேயே அதைக் கேட்டிருக்கிறாள். இல்லைன்னு கத்தினேண்ணே, அங்கன கேக்கலையே என்றாள். ஒரு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் பதிவேட்டில் தலாக்கை எழுதப் போகிறார்கள். எழுதிவிட்டால் அவள் கேட்க நினைத்தது அத்தோடு சரி. உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பலம் தரட்டும். மப்ளர் வாங்க மறக்காதே. நான் செய்யப் போவது:

1. இன்று மாலை ஜமாஅத் தலைவரிடம், நான் சொன்னது என் தங்கை சொல்லாதது என்று எழுதிக் கொடுப்பேன்.
2. வியாழனன்று ஹாலில் மைக் வைத்துப் பள்ளிவாசலுக்கு லைன் இழுப்பேன். மைக் பத்தாது, உள்ளே உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறாள் மாமி. அதையும் கேட்பேன்.
3. வெள்ளிக்கிழமை லீவு. சீசன் இருக்கட்டும்.
4. அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அத்தா,
காஜா மைதீன்