அப்பா அடித்தார் என்று எழுது

அலாஸ்கா
1917 பிப்ரவரி 9

அன்புள்ள சைலஸ் அண்ணாவுக்கு, தபித்தா எழுதுவது. அம்மா நம் டிலிங்கிட் பேச்சில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன், ஒன்றையும் கூட்டமாட்டேன், என்னைப் பற்றி அவள் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் விடமாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி வருவதெல்லாம் அம்மாவின் பேச்சு.

மகனே, நானும் உன் அப்பாவும் தபித்தாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தத் தெற்குச் சீமையில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று பேரைச் சொல்லிவிட்டு நான்காவது பேரைச் சொல்லவில்லையே என்று யோசிப்பாய். உன் தம்பி ஏமோஸ் உயிரோடு இருக்கிறான், பயப்படாதே, ஆனால் நம் ஊரில் இல்லை. பிள்ளைகள் விடுதி என்று அடுத்த தீவில் ஒன்று வைத்திருக்கிறார்களே, போன மாதம் தபால் படகில் ஏற்றி அங்கே கொண்டுபோய்விட்டார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை என்று எழுதிக் கொண்டுபோனார்கள். உன் அப்பா படகுத்துறையில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் கண் முன்னாலேயே.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மீன் டின் கம்பெனிப் படகை ஓட்ட உன் அப்பாவைவிடத் தெரிந்தவர் இந்தக் கரையில் கிடையாது, அது உனக்குத் தெரியும். ஆனால் குடியுரிமைப் பத்திரம் இல்லாததால் அவர் பெயரில் படகு தர மாட்டார்கள். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரனை உட்காரவைத்துவிட்டு இவரே ஓட்டுவார், அந்த ஆள் தூங்குவான். போதும் இந்த வெட்கக்கேடு என்று இந்த வருஷம் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தார். விசாரணை இதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் கமிஷனர், கடைக்காரர், டீச்சரம்மா, மூன்று பேர். இங்கிலீஷில் கேட்பதை நமக்குச் சொல்லவும் நாம் சொல்வதை அவர்களுக்குச் சொல்லவும் வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று தபித்தாவை நிறுத்தினார்கள். அன்று அவள் தலையில் ரிப்பன் கட்டிவிட்ட கை என் கைதான்.

முதலில், வெள்ளைக்காரர் மாதிரி வாழ்கிறோமா என்று பார்க்க, சோப்பு உண்டா, கட்டில் உண்டா, கோயிலுக்குப் போகிறாயா என்றெல்லாம் கேட்டார்கள், எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு உனக்கு எத்தனை பிள்ளைகள் என்றார் கமிஷனர். உன் அப்பா நல்ல வம்சத்தில் பிறந்தவர், மரியாதை தெரிந்தவர், எழுந்து நின்று, எனக்கு ஏதுங்க பிள்ளைங்க, நான் கழுகுக் குலம், பிள்ளைங்க மூணும் அவங்க அம்மா பக்கம், காக்கைக் குலம், அதுங்க மாமன் வீட்டுப் பிள்ளைங்க என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், எவ்வளவு பணிவா பேசறாரு பாரு என்று என் காதுபடவே சொன்னார்கள். தபித்தா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். மேஜைப் பக்கம் மூன்று பேனாவும் நின்றுபோயின. சின்னவன் யார் வீட்டில் இருக்கிறான் என்று கேட்டார்கள். எட்டு வயசாச்சு, மாமன் வீட்டுலதான், வேற எங்க இருப்பான் என்றார். தப்பு செய்தால் யார் அடிப்பது என்றார்கள். அவன் மாமன் அடிப்பாரு, நான் எப்படிங்க கை ஓங்குவேன், வேற குலத்துப் பிள்ளை மேல கை வச்சா அவங்க சனம் என்னை என்ன கேக்கும் என்றார். அப்போது கடைக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதை மட்டும் தபித்தா எங்களுக்குச் சொல்லவில்லை. நாய் என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியும்.

பிறகு உன் மாமாவைக் கூப்பிட்டு, ஜனவரிக் குளிரில் பையனைக் கடலில் இறக்குகிறாயா என்று கேட்டார்கள். உனக்குத்தான் என் அண்ணனைத் தெரியுமே, தலையைக் குனியவில்லை. ஆமா, உடம்பு உரமேற இறக்கறேன், நானும் கூடவே இறங்கறேன், இவன் அண்ணன் சைலஸையும் இறக்கினேன், அவன் எலும்பு எப்படி இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க என்றார். அதையும் தபித்தா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அரை மணியில் முடிந்தது. உன் அப்பாவுக்குப் பத்திரம் இல்லை, தகப்பன் கைவிட்ட பிள்ளை, கொடுமைக்காரனிடம் வளர்கிறது, விடுதிக்கு அனுப்பு என்று தீர்ப்பு. ஆறே நாளில் படகு வந்தது. பையனுக்குப் பெரிய பூட்ஸ் மாட்டி, முடியை ஒட்ட வெட்டி நிறுத்தினார்கள். ஏமோஸ் அழவில்லை. உன் அப்பாவைப் பார்த்து, நான் எப்ப வருவேன்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னான்.

தபித்தா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, ஹாலிபட் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் மேல் தப்பில்லை, அவர் சொன்னதைச் சொன்னாள். ஆனாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன், இந்தப் பெண் இவ்வளவு நன்றாகப் படிக்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு ராத்திரி நினைத்தேன். எழுதடி, நிறுத்தாதே, இதையும் எழுது.

கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதை நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைக் காலர் போட்ட படத்தை அனுப்பி, நாகரிகமான ஊர்களில் அப்பாதான் குடும்பத்துக்குத் தலைவர் என்று எழுதியிருந்தாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், உன் மாமா உன் அப்பாவைப் பார்த்து, தலைவரே, மீன் எண்ணெய்க் கிண்ணத்தை இப்படித் தள்ளுங்க என்றுகூடக் கேலி செய்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில், ஹெர்ரிங் மீன் முட்டையிடும் சமயத்தில் பெரிய நீதிபதி பக்கத்து ஊருக்கு வருகிறார், மறுபடி விசாரிப்பார், உன் அப்பாதான் தகப்பனாக இருந்து வளர்க்கிறார் என்று ருசுவானால் பையனை விட்டுவிடுவார்கள் என்று டீச்சரம்மா சொன்னார். அவர் மனசு கெட்டவர் இல்லை, ஆனால் அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

அதனால் இப்போது தபித்தா தன் அப்பாவுக்குப் பாடம் நடத்துகிறாள். இவர்கள் என் பிள்ளைகள், வீட்டுக்கு நான் தலைவன், பையன் தப்பு செய்தால் நான் அடிப்பேன், இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் வந்துவிட்டது. மூன்றாவதில் நின்றுவிடுகிறார். எதால அடிச்சேன்னு கேட்டா என்ன சொல்ல என்றார். பெல்ட்டால் என்று சொல்லுங்கள் என்றாள். என்கிட்ட பெல்ட்டே இல்லையேம்மா, கயிறுதானே கட்டறேன் என்றார். மூலையில் இருந்த உன் மாமா, மாப்பிள்ளை, முதல்ல ஒரு பெல்ட் வாங்குங்க, அப்புறம் பிள்ளையை வாங்கலாம் என்றார். எல்லாரும் சிரித்தோம். உன் அப்பா இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

மகனே, உன்னிடம் கேட்பது இதுதான். படித்த பிள்ளை, அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், உன் ஒரு கடிதம் எங்கள் பத்து வாய்க்குச் சமம் என்கிறார்கள். நீதிபதிக்கு எழுது. சின்ன வயதில் அப்பா வீட்டில்தான் வளர்ந்தேன் என்று எழுது. தப்பு செய்தபோதெல்லாம் அப்பா அடித்தார் என்று எழுது. மாமா ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிற சொந்தக்காரர் என்று எழுது. உன் மாமாவுக்குத் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. நான் யாருமில்லைன்னே எழுதட்டும், பையன் வரட்டும் என்று அவரே சொன்னார். நாளைக்கு மாமன் வீட்டில் அவருக்குப் பிறகு அவர் இடத்தில் நீ உட்கார வேண்டியவன், உன்னிடம் இதைக் கேட்கச் சொல்கிறார். விடியற்காலையில் இன்றைக்கும் கடலில் இறங்குகிறார், பின்னால் இறங்கப் பிள்ளை இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் தனியாக நிற்கிறார்.

உண்மை எது என்று நீ மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதச் சொல்கிறேன். நீ நடுங்கிக்கொண்டு கடலிலிருந்து ஏறி வரும்போது பாதைத் திருப்பத்தில் உன் அப்பா நிற்பார், சட்டைக்குள் சுட்ட உருளைக்கிழங்கு இரண்டு வைத்திருப்பார், உன் கையில் ஒன்று, மற்றதை உன் சட்டைக்குள் போடுவார். உன் மாமாவுக்கும் அது தெரியும், பார்க்காத மாதிரி முன்னால் நடப்பார். அந்த மனுஷனைத்தான் அடித்தார் என்று எழுதச் சொல்கிறேன். பொய் சொல்லாதே என்று சொல்லி உன்னை வளர்த்தவள் நான். ஆனால் உன் அப்பா சொன்ன உண்மையைக் கேட்டுத்தான் அவர்கள் பிள்ளையைக் கொண்டுபோனார்கள்.

பக்கத்தில் இருக்கும் உன் அப்பா ஒன்று சேர்க்கச் சொல்கிறார். அடிச்சேன்னு எழுதட்டும், ஆனா வலிச்சுதுன்னு மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லு என்கிறார்.

நல்ல கம்பளி வாங்கிப் போட்டுக்கொள், ஈரத்தோடு தூங்காதே. மார்ச் மாதக் கடைசிக் கப்பலில் உன் கடிதம் வந்துவிட வேண்டும், அதற்கு அடுத்த கப்பல் வந்து பயனில்லை. நம் பேச்சில் உனக்கு வைத்த உண்மையான பேரை இந்தக் காகிதத்தில் எழுதச் சொல்லமாட்டேன், மனதுக்குள் சொல்லி உன்னை வாழ்த்துகிறேன். நன்றாக இரு.

உன் அம்மா
(அம்மா போட்ட குறி) ✕

அண்ணா, சொன்னதெல்லாம் எழுதிவிட்டேன், கடைக்காரர் சொன்னதைத் தவிர. அதை எந்த மொழியிலும் எழுதமாட்டேன். மணி ஐந்து, மரமறுக்கும் மில் நின்றுவிட்டது, டீச்சரம்மா வாசலில் நின்று உன் அண்ணனுக்கு என் அன்பையும் எழுது என்கிறார். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். விளக்கை அணைக்கிறார்.